கடல் வராத நாள்

எங்கள் ஊரில் பட்டப்பெயர் இல்லாத ஆளைக் காண்பது அரிது. சோமசேகரத்துக்குக் கிடைத்தது 'புயல்'. சந்தியில் நிற்கும் பொடியள் அவரைக் கண்டால், "புயல் கரை கடக்குது, விலகுங்கோடா" என்பார்கள். அவர் காதில் விழும். சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்விடுவார். கார்த்திகை பிறந்ததும் அதே பொடியளின் தாய்மார் அவருடைய படலையில் வந்து நிற்பார்கள். "அண்ணை, நாளைக்கு இவரைக் கடலுக்கு விடலாமோ?" என்று கேட்பார்கள். மழைக்காலம் முடியும்வரை அவர் அண்ணை. தை பிறந்தால் மறுபடியும் புயல். எங்கள் சனத்தின் நன்றிக்கு அவ்வளவுதான் ஆயுள்.

இப்போது அவரைப் பற்றி ஊரில் கதைப்பதில் பாதி பொய். மீதி, மரியாதைக்காகச் சொல்லும் பொய். கேட்டுக் கேட்டு எனக்கு வயிறு எரிந்துவிட்டது. நான் அவருடைய சித்தப்பா மகன், பக்கத்து வளவுக்காரன்; எனக்கு அவர் சோமண்ணை. நடந்ததை அருகில் நின்று பார்த்தவன். அதனால் எழுதுகிறேன்.

தொண்டைமானாற்றிலிருந்து கடற்கரையோடு கிழக்கே வந்தால் எங்கள் ஊர். வடக்கே கடல். தெற்கே, ஒரு வாயால் கடலோடு சேரும் ஆழமில்லாத நீரேரி. நடுவில் ஒரு மணல் திட்டி, அதன் மேல் தார் வீதி, வீதியின் இரண்டு பக்கமும் வீடுகள். நாங்கள் கடலுக்குப் போகிறவர்கள். நீரேரி என்றால் எங்களுக்கு இளக்காரம். இடுப்பளவு தண்ணீரில் நடந்து திரிந்து இறால் பிடிக்கிறவர்களை எங்கள் ஊரார் தொழிலாளிகளாகவே எண்ணுவதில்லை. "ஏரித் தண்ணியிலை சாகிறவன் எங்கடை ஊரிலை பிறக்கேல்லை" என்று கள்ளுத் தவறணையில் வீரம் வந்தவர்கள் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன்.

சுனாமி வந்த காலை சோமண்ணை ஆழ்கடலில் நின்றார். வள்ளம் ஒருமுறை மெல்ல உயர்ந்து இறங்கியதாம். பெரிய கப்பல் ஏதோ போகிறது என்று நினைத்து வலையை இழுத்தாராம். திரும்பி வந்தபோது கரையில் எதுவும் மிச்சமில்லை. மனைவி, இரண்டு பெண்பிள்ளைகள், தாய், எல்லோரும் போய்விட்டார்கள். மூத்த பிள்ளையின் உடலை மட்டும் கண்டெடுத்தோம். தன் வீட்டை அள்ளிக்கொண்டு போன அலை தன் வள்ளத்துக்கு அடியால்தான் போனது என்ற நினைப்பு அந்த மனிதனை எப்படித் தின்றது என்று எனக்குத் தெரியும். குடித்தே செத்துவிடுவார் என்று ஊர் எதிர்பார்த்தது. அவர் குடிக்கவில்லை. கடலைக் கண்காணிக்கத் தொடங்கினார்.

முதலில் வானொலிதான். வானிலை அறிக்கை வாசிக்கும் நேரம் பக்கத்தில் யாரும் மூச்சுவிடக் கூடாது. கைபேசி கைக்கு வந்த பிறகு பைத்தியம் முற்றிவிட்டது என்றார்கள். காற்று பச்சையும் சிவப்புமாகச் சுழலும் படத்தைத் திரையில் விரித்துவைத்துக்கொண்டு, அந்தமான் பக்கம் புயலாக மாறக் காத்துக் கிடக்கும் தாழமுக்கத்துக்கு இங்கிருந்து காவல் இருப்பார். அது எப்போது திருகோணமலைக்கு நேரே வரும், எந்தப் பக்கம் திரும்பும், வாடைக்காற்று எவ்வளவு நேரம் நிற்கும், எங்கள் கரையில் அலை எதுவரை ஏறும் என்பதெல்லாம் குரல் பதிவாக ஊர் வட்ஸ்அப் குழுவுக்கு வரும். அந்தக் குரலில் ஒரு அலங்காரமும் கிடையாது. "சனிக்கிழமை போக வேண்டாம். வள்ளங்களை மேலை ஏத்துங்கோ." பல தடவை சொன்னது சரியாக இருந்தது. சில தடவை புயல் இந்தியாப் பக்கம் போய்விட்டது. தொழில் கெட்டவர்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். "உயிரோடை இருந்துதானே ஏசுறாங்கள், ஏசட்டும்" என்பார்.

சுனாமிக்குப் பிறகு ஊருக்குச் சொல்லித் தரப்பட்டது ஒரே பாடம். கடல் வந்தால் தெற்கே ஓடு. நீல நிறப் பலகைகள் நட்டார்கள். அலை, அதற்கு முன்னால் ஓடுகிற மனிதன், ஒரு அம்புக்குறி. அம்புக்குறி காட்டிய ஒழுங்கையால் போனால் திட்டியிலிருந்து இறங்கி, ஒரு மதகைக் கடந்து, நீரேரிக் கரையில் இருக்கும் பள்ளிக்கூடத்துக்குப் போகலாம். வருடா வருடம் ஒத்திகை வைத்தோம். சோமண்ணைதான் முன்னால் நின்று நடத்துவார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டு ஓடுவார்கள். அவர் சிரிக்கமாட்டார். பின்தங்கியவர்களைப் பிடித்து மறுபடியும் ஓட விடுவார்.

போர் முடிந்த பிறகு அவர் இராசாத்தியைக் கட்டினார். புருசனை வன்னியில் பறிகொடுத்தவள். நீரேரிக்கு அக்கரையில், வரணிப் பக்கம் பிறந்தவள். தகப்பன் நீரேரியில் இறால் பிடித்து வாழ்ந்தவர். அது போதாதா எங்கள் பெண்களுக்கு? 'ஏரிக்காரி' என்று பெயர் வைத்தார்கள். என் தாயாரும் அப்படித்தான் சொன்னார், இதை மறைத்து என்ன பயன். அவளோ அதைப் பெரிதாக எடுக்கவில்லை. வாய்க்காரி. எங்கள் எல்லோரையும் விட நன்றாகப் பகிடி விடுவாள்.

கல்யாணமான புதிதில் இருவரும் நீரேரியைக் குறுக்கே நடந்து தகப்பன் வீட்டுக்குப் போனார்களாம். சோமண்ணை தண்ணீருக்குள் காலைத் தூக்கித் தூக்கி வைத்ததைக் கண்டு அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இவரைக் கொக்கெண்டு நினைச்சு மீனெல்லாம் ஓடிப்போச்சு" என்று எங்கள் வீட்டில் வந்து நடித்துக் காட்டினாள். நீரேரிக்காரர் தண்ணீரில் பாதத்தை எடுப்பதில்லை. நிலத்தோடு இழுத்து, முன்னால் பள்ளம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் பாரத்தை ஊன்றுவார்கள். வள்ளத்தில் நிற்கப் பழகிய எங்களுக்கு அந்த நடை வராது. கற்றுக்கொள்ளவும் மனம் வராது, கௌரவக் குறைவல்லவா.

பிறகு அவளுக்குச் சீனி வருத்தம் வந்தது. மந்திகை ஆஸ்பத்திரியில் வலது காலின் விரல்களை எடுத்துவிட்டார்கள். தடி ஊன்றி முற்றம்வரை நடப்பாள், அதற்கு மேல் முடியாது. சோமண்ணையின் பயம் முழுவதும் அந்தக் காலில் வந்து நின்றது. கடல் வந்தால் இவளால் ஓட முடியாது. ஒருநாள் கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தபோது என்னிடம் சொன்னார்: "தம்பி, ஒருக்கா வீட்டிலை இல்லாமல் நிண்டிட்டன். இனி நிக்கமாட்டன். இவளைக் கடலுக்குக் குடுக்கமாட்டன்."

அவர் தாழமுக்கத்தைத் துரத்திக்கொண்டு திரிந்ததெல்லாம் இதற்காகத்தான். ஊர் பிழைத்தது அதன் துணைப் பலன்.

போன கார்த்திகையில் வந்த புயலை அவர் அந்தமானிலிருந்தே பிடித்துவிட்டார். இது இந்தியாவுக்குப் போகிற புயல் இல்லை, கரையோடு ஒட்டி எங்கள் பக்கம் ஏறி வரும் என்று முதல் பதிவிலேயே சொன்னார். சொன்னபடியே வந்தது. வள்ளங்களை ஏற்றினோம். கூரைக்குக் கயிறு கட்டினோம். மழை தொடங்கி விடாமல் கொட்டியது. வாடை வடக்கேயிருந்து அடித்த அடியில் கடல் சேறாகிப் பொங்கியது. மறுநாள் மத்தியானம் ஒரு அலை மேலே ஏற்றி வைத்த வள்ளங்களின் அடியைத் தொட்டுவிட்டுப் போனது. கிராம அலுவலரான விதானையாரும் வெளியேறச் சொல்லித் தகவல் அனுப்பினார். சோமண்ணையின் பதிவு வந்தது. "எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு வெளிக்கிடுங்கோ. ஒருத்தரும் நிக்கப்படாது."

உழவு இயந்திரத்தின் பெட்டியில் இராசாத்தியை ஏற்றுவதற்காக நான் அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவள் விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்து உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள்.

"நான் வரேல்லை. நீங்கள் போட்டு வாங்கோ."

"விசர்க் கதை கதையாதை. எழும்பு" என்றார் அவர்.

"இஞ்சேருங்கோ, மழை பேயாப் பெய்யிறதைப் பாருங்கோ. நீரேரி இப்ப பள்ளிக்கூட மதிலோடை நிக்கும். கிடங்குக்கை கொண்டுபோய் ஏன் என்னை வைக்கிறியள்? வீடு மேட்டிலை எல்லே கிடக்கு."

"நீரேரி என்னடி செய்யும்? முழங்கால் நனையும். கடல் வந்தால் ஆள் இல்லை."

"வந்தால் நான் இந்தக் கதிரையோடை போறன். எனக்கு ஒருத்தரும் அழ வேண்டாம்."

"நான் அழவேண்டாமோ?"

அந்தக் குரலை அதற்கு முன் நான் கேட்டதில்லை. சண்டைக் குரலும் இல்லை, கெஞ்சலும் இல்லை. இராசாத்தி அவருடைய முகத்தைப் பார்த்தாள். இருபது வருடம் பழைய பயம் அது, அவளுக்குப் பழக்கமான பயம். அவளால் அதோடு வாதாட முடியாது. மடித்துக்கொண்டிருந்த உடுப்பைக் கதிரையில் வைத்துவிட்டுத் தடியை எடுத்தாள்.

"சரி. வாறன். உங்கடை பலகை காட்டுற இடத்துக்கே வாறன்" என்றாள்.

பள்ளிக்கூட மண்டபத்தில் ஊரே இருந்தது. பாய் விரித்து, பிள்ளைகளைத் தூங்கவைத்து, பாணும் சம்பலும் பகிர்ந்தோம். புயலுக்குப் பயந்த மாதிரியே இல்லை, கோயில் திருவிழாவுக்குப் போய்த் தங்கிய மாதிரி இருந்தது. சோமண்ணை மட்டும் வடக்குப் பக்க யன்னலை விட்டு அசையவில்லை. கையில் கைபேசி, கண் கடற்பக்கம். யாராவது வந்து கேட்டால் புயலின் கண் எங்கே நிற்கிறது என்று காட்டினார். காட்டியது எல்லாம் சரிதான். புயலை அவர் ஒரு நிமிடமும் தவறவிடவில்லை.

தண்ணீர் பின்கதவால் வந்தது.

விடிந்து தேத்தண்ணி வைக்கப் பின்பக்கக் கொட்டிலுக்குப் போன அயல்வீட்டுக் குணலட்சுமி, சட்டியைக் கையில் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். "அடுப்பு அணைஞ்சு போச்சு. தண்ணி உள்ளை வருது" என்றாள். சோமண்ணை திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "மழைத் தண்ணி. வத்தும்" என்றார். நாங்களும் நம்பினோம். அவர் சொன்னதை நம்பித்தானே உயிரோடு இருக்கிறோம். பாயைச் சுருட்டி, பிள்ளைகள் இருந்து படிக்கிற வாங்கில் வைத்தோம். பிறகு பிள்ளைகளை வாங்கில் ஏற்றினோம். பிறகு வாங்கை மேசையில் ஏற்றினோம். மண்ணிறத் தண்ணீர். நாக்கில் வைத்துப் பார்த்தேன், உப்பே இல்லை.

காரணத்தை இப்போது சின்னப் பிள்ளையும் சொல்லும். மேற்கே வலிகாமத்தில் பெய்ததும் தெற்கே தென்மராட்சியில் பெய்ததும் எங்கள் நீரேரிக்குத்தான் வடியும். அது கடலுக்குப் போக இருக்கிற வாய் தொண்டைமானாற்றில். அந்த வாயில் கடல் உயர்ந்து நின்று, வாடையும் எதிர்த்து அடித்தால், வந்த தண்ணீர் எங்கே போகும்? கரையேறும். பள்ளிக்கூடம் அந்தக் கரையில் இருந்தது. ஓடச் சொல்லிக் கொடுத்தவர்களும், ஒத்திகை பார்த்தவர்களும், பலகை நட்டவர்களும், நானும், ஒருவரும் ஒருநாளும் தெற்கே திரும்பிப் பார்க்கவில்லை. எங்களை விழுங்கும் அளவுக்கு நீரேரிக்குத் தகுதி இருக்கிறது என்று நாங்கள் நினைக்கவில்லை.

தொடையளவு வந்ததும் வீதிக்குத் திரும்புவதென்று முடிவானது. ஒழுங்கை தெரியவில்லை. இரண்டு பக்கத்து வேலிக் கதியால்களைப் பார்த்துத்தான் நடுவைக் கண்டுபிடித்தோம். ஆண்கள் பிள்ளைகளைத் தோளில் வைத்தார்கள். நான் என் தாயாரை அணைத்துப் பிடித்துக்கொண்டு நடந்தேன். எங்களுக்கு முன்னால் சோமண்ணை இராசாத்தியை முதுகில் சுமந்துகொண்டு போனார். தண்ணீர் குறுக்கே இழுத்தது. மதகை நெருங்க நெருங்க இழுவை கூடியது.

"காலைத் தூக்காதேங்கோ" என்று அவள் கத்தியது எனக்குக் கேட்டது. "இழுத்து வையுங்கோ. தடவிப் பாருங்கோ, நிலம் இருக்கோ எண்டு."

"நீ கழுத்தை இறுக்கிப் பிடி."

"ஐயோ, சொல்லுறதைக் கேளுங்கோ. தூக்காதேங்கோ."

அவர் தூக்கி வைத்தார். அறுபது வயதில் வேறு நடை எங்கிருந்து வரும்? மதகுக்கு இந்தப் பக்கம் ஒழுங்கையை வெள்ளம் அரித்துக்கொண்டு போயிருந்தது. வைத்த காலுக்குக் கீழே நிலம் இல்லை. இரண்டு பேரும் போனார்கள்.

சோமண்ணை எழும்பினார். எந்தக் கடலிலும் எழும்பக்கூடிய ஆள். மறுபடியும் மூழ்கினார், மறுபடியும் எழும்பினார், கையில் ஒன்றும் இல்லை. எங்கள் ஊர்ப் பொடியன் லியோனும் வேறு இரண்டு பேரும் கயிற்றை எறிந்து அவரை இழுத்து எடுத்தார்கள். அவர் வர மறுத்து அவர்களை அடித்தார். லியோனின் பல்லொன்று உடைந்தது.

மற்ற எல்லோரும், மதகைச் சுற்றி வேலியைப் பிடித்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்துத் தடவி நடந்து வீதியேறினோம். அவள் கத்தியதைக் கேட்டுத்தான் அப்படி நடந்தோம். என் தாயாரும் அப்படித்தான் கரையேறினார்.

மறுநாள் மழை விட்டபின் இராசாத்தியின் உடலை நீரேரிக் கரைக் கண்டல் பற்றைக்குள் கண்டோம். வீட்டுக்குக் கொண்டுவந்தோம். வீடு நின்றது. அலை வள்ளங்கள் சிலவற்றை மோதி உடைத்ததோடு திரும்பிப் போயிருந்தது, அதற்கு மேல் ஒரு அடி ஏறவில்லை. விறாந்தையில் ஈரமே இல்லை. கதிரையில் அவள் மடித்து வைத்த உடுப்பு அப்படியே இருந்தது. சோமண்ணை குனிந்து உள்வீட்டு நிலத்தைக் கையால் தடவிப் பார்த்தார். சுவரோரம் போய்த் தடவினார். மூலையிலும் தடவினார். எங்கும் உலர்ந்த நிலம்தான். அதில்தான் அவளைக் கிடத்தினோம்.

செத்த வீட்டில் ஒருவன், "ஏரிக்காரி ஏரிக்கே போட்டாள்" என்று ஏதோ பெரிய தத்துவம் போலச் சொன்னான். அவனை அடிக்கக் கை ஓங்கிவிட்டேன். பிடித்துவிட்டார்கள். இன்றைக்கும் அது எனக்கு ஒரு குறைதான், ஓர் அடியாவது விழுந்திருக்க வேண்டும். வேறு சிலர் விதி என்றார்கள். விதி என்று சொல்லிவிட்டால் யாரும் எதற்கும் பதில் சொல்லத் தேவையில்லை, வசதியான சொல்.

சுடலையில் காடாத்திச் சாம்பலை அள்ளி, சோமண்ணை அதைக் கடலில் கரைத்தார். எங்கள் வழக்கம் அதுதான். இடுப்பளவு தண்ணீரில் நின்று முட்டியைக் கவிழ்த்தார். கொடுக்கமாட்டேன் என்று இத்தனை வருடம் காவல் இருந்தவர், தன் கையாலேயே கொடுத்தார். கரையில் நின்ற எனக்கு அந்தக் கடலையும், அதைப் பார்க்கச் சொல்லித் தந்த எல்லோரையும் நினைக்க வெறுப்பாக இருந்தது.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு முன்பே விதானையார் வந்தார். வெளியிலிருந்து உதவி செய்கிற ஒரு நிறுவனம் கூட்டம் வைக்கிறதாம். கடல் கொந்தளிப்பில் ஓர் உயிரையும் இழக்காத ஊர் என்று எங்களைத் தெரிவு செய்திருக்கிறார்களாம். சோமண்ணைக்குப் பொன்னாடை.

"இராசாத்தி செத்தது?" என்று கேட்டேன்.

"அது நீரேரி வெள்ளம், தம்பி. மதகும் என்ரை பிரிவில்லை, பக்கத்துப் பிரிவு. அங்கைதான் பதிஞ்சிருக்கு" என்றார். நல்ல மனிதர்தான், சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. போகும்போது, வள்ளம் உடைந்தவர்களுக்கு அந்த நிறுவனம்தான் உதவப் போகிறது, அண்ணை வராவிட்டால் நன்றாக இருக்காது என்றும் சொன்னார். பிறகு கடற்றொழில் சங்கத்தார் வந்தார்கள். அவர்களும் அதையே சொன்னார்கள். கூட்டத்தன்று சோமண்ணை வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, தாடி வழிக்காமல், தானாக வந்து முன்வரிசையில் இருந்தார்.

வந்திருந்த இளம் அலுவலர் நன்றாகவே பேசினார். தொழில்நுட்பம் தெரியாத ஒரு கடற்றொழிலாளி, புயலைப் படிப்படியாகப் பின்தொடர்ந்து, ஊரையே நேரத்துக்கு வெளியேற்றி, எல்லா உயிரையும் காப்பாற்றிய கதையைச் சொன்னார். பொன்னாடை போர்த்தினார். படம் எடுத்தார்கள். "ஐயா ஒரு சில வார்த்தை" என்று ஒலிவாங்கியைக் கொடுத்தார்.

சோமண்ணை அதை வாங்கினார். ஊர் முழுவதும் இருந்தது. வள்ளம் உடைந்தவர்கள் முன்னால் இருந்தார்கள்.

"கடல் வரேல்லை" என்றார். "கடல் என்ரை வீட்டு வாசலுக்கும் வரேல்லை. அவள் வரமாட்டன் எண்டவள். நான்தான் கூட்டிக்கொண்டு போனனான்."

ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்தார். அலுவலர் சிரித்த முகம் மாறாமல் எங்களைப் பார்த்தார். சங்கத்தார் பக்கமிருந்து யாரோ கைதட்டத் தொடங்கினார்கள். ஒவ்வொருவராக எல்லோரும் தட்டினார்கள். நானும் தட்டினேன்.